ஒரு விரல் தண்ணீர்: செம்பனை ஆலை பாய்லர் பேனலில் கேபிள் பாதை செய்த கோளாறு

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம், தோட்டத்துக்கு நடுவே நிற்கும் ஒரு செம்பனை ஆலையில் நடந்தது இது. ஆலையின் பெயர் தேவையில்லை. இதே மாதிரி மாற்றி அமைத்த பேனல்களை, அதாவது மின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை, பல தோட்டத்து ஆலைகளில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் அந்த ஆலையின் சம்பளக்காரன் இல்லை. பேனல் வேலை, இன்ஸ்ட்ருமென்ட் வேலை என்று கூப்பிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற காண்டிராக்ட் ஆள்.

கூப்பிட்டபோது போனில் சொன்னது இவ்வளவுதான்: "பாய்லர் டிரம் லெவல் டிரான்ஸ்மிட்டர் சரியில்லை, மூன்றாவது முறையாக மாற்ற வேண்டும், வந்து பார்த்துவிட்டுப் போங்கள்." டிரம் என்பது பாய்லரின் மேலே தண்ணீரும் நீராவியும் நிற்கும் உருளை; அதன் தண்ணீர் மட்டத்தை மின் சிக்னலாக அனுப்பும் மானிதான் டிரான்ஸ்மிட்டர்.

ஆறு வாரத்தில் ஒன்பது டிரிப்

மணிக்கு 45 டன் குலை வாங்கும் ஆலை அது. குலையிலிருந்து வரும் நாரையும் ஓட்டையும் எரித்தே பாய்லர் ஓடுகிறது. பாய்லர் நீராவி முதலில் டர்பைனைச் சுற்றி ஆலைக்கு மின்சாரம் கொடுக்கும். டர்பைனிலிருந்து சுமார் 3 பார் அழுத்தத்தில் வெளியே வருவது குலை அவிக்கும் ஸ்டெரிலைசருக்குப் போகும். ஆகவே பாய்லர் நின்றால் அவியலும் நிற்கும், மின்சாரமும் போகும். ஜெனரேட்டரை எழுப்பி, நெருப்பைக் கட்டி, அழுத்தம் ஏற்றித் திரும்ப ஓடவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியே ரேம்பில் குலை குவிந்துகொண்டே இருக்கும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவித்துவிடத்தான் எல்லா ஆலையும் பார்க்கும். நேரம் போகப் போகப் பழத்தில் கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும்.

இந்த ஆலையில் குலை நிறைய வரும் மாதங்களில், ஆறு வாரத்தில் ஒன்பது முறை பாய்லர் டிரிப் ஆகியிருந்தது, அதாவது பாதுகாப்புக்காகத் தானே நின்றிருந்தது. ஒன்பதும் ஒரே காரணம் காட்டியது: டிரம்மில் தண்ணீர் மிகக் குறைவு. ஒன்பது முறையும் பாய்லர்மேன் ஓடிப்போய் டிரம்மின் தண்ணீரை நேரில் காட்டும் கேஜ் கிளாஸைப் பார்த்தார். ஒன்பது முறையும் தண்ணீர் கிளாஸில் தெரிந்தது. டிரிப் செய்தது பிஎல்சி, பேனலுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினி. டிரான்ஸ்மிட்டரின் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் 30 சதவீதத்துக்குக் கீழே போய் 3 வினாடி நின்றால் விசிறிகளையும் எரிபொருளையும் நிறுத்தும்படி எழுதியிருந்தார்கள். தனியாக இருக்கும் மிதவை சுவிட்ச் ஒருமுறைகூட விழவில்லை.

நான் போவதற்குள் டிரான்ஸ்மிட்டர் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. சிக்னலைப் படிக்கும் பிஎல்சியின் அனலாக் கார்டு ஒருமுறை மாற்றியாகிவிட்டது. அதைவிட மோசமானது, யாரோ அந்த 3 வினாடியை 10 வினாடியாக்கியிருந்தார்கள். இதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு பதறியது. தண்ணீர் இல்லாத டிரம்மின் கீழ் நெருப்பு எரிந்தால் என்ன ஆகும் என்பது பாய்லர் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். கோளாறு எங்கே என்று தெரியாமல் பாதுகாப்பைத் தள்ளிவைப்பது வேலையே இல்லை. முதல் வேலையாக மேனேஜரிடம் சொல்லி அதைத் திரும்ப 3 ஆக்க வைத்தேன். "அப்படியானால் இன்னும் டிரிப் ஆகுமே" என்றார். ஆகட்டும் என்றேன்.

பாய்லர்மேன் சொன்னது

பாய்லர்மேன் அண்ணனுக்கு ஓய்வு பெற நான்கு வருடம்தான் பாக்கி. அந்தத் தோட்டம் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் அவருடைய அப்பா அங்கே பால் வெட்டியவர். தே தாரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, திரையில 50ன்னு காட்டுறப்போ கிளாஸ்ல நடுக்கோட்டுல நிக்கணும் தண்ணி. இன்வெர்ட்டர் வச்ச நாளிலேருந்து ஒரு விரல் கூடுதலாவே நிக்குது. மேலயும் கீழயும் ஆடுனா சரி, மானி ஆடுதுன்னு விட்டுடலாம். இது நம்ம ஊர் சாய்ஞ்ச கோபுரம் மாதிரி ஒரே பக்கமாத்தான் சாயுது. மூணு பேருகிட்ட சொல்லிட்டேன், ஒருத்தரும் எழுதிக்கல."

நான் எழுதிக்கொண்டேன். விடை முழுவதும் அந்தப் பேச்சில் இருந்தது என்று தெரிய எனக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது.

"இன்வெர்ட்டர் வச்ச நாள்" என்று அவர் சொன்னது என்ன என்று விசாரித்தேன். பாய்லரின் புகையை இழுக்கும் ஐடி ஃபேன், 75 கிலோவாட் மோட்டார். முன்பு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், ஒரே வேகத்தில் ஓடியது. காற்றளவைத் தகட்டை மூடித் திறந்து சரிசெய்தார்கள். மின்சாரம் மிச்சமாகும் என்று ஏழு மாதத்துக்கு முன்னால் அதற்கு, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் போட்டார்கள். நல்ல முடிவுதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்வெர்ட்டருக்குத் தனிப் பேனல் வாங்காமல், பாய்லரின் பிஎல்சி இருக்கும் பேனலிலேயே இடம் கண்டுபிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

தண்ணீரைச் சந்தேகிப்பதும் நியாயம்தான்

ஆலையின் மின்பிரிவைப் பார்க்கும் சார்ஜ்மேன் வேறு ஒரு காரணம் சொன்னார், அதையும் தள்ள முடியாது. பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம் தானாகவே ஏறி இறங்கிக் காட்டும். ஸ்டெரிலைசரின் நீராவி வால்வு திறந்ததும் டிரம்மில் அழுத்தம் சட்டென்று குறையும், தண்ணீருக்குள் இருக்கும் குமிழ்கள் பெருக்கும், மட்டம் பொங்கி ஏறும். வால்வு மூடியதும் அழுத்தம் ஏறிக் குமிழ்கள் சுருங்கும், மட்டம் அமுங்கி இறங்கும். தண்ணீரின் எடையில் மாற்றம் இல்லாமலே மட்டம் ஆடும். ஒன்பது டிரிப்பில் ஏழு, ஸ்டெரிலைசர் வால்வு மூடிய அடுத்த நிமிடத்துக்குள் விழுந்திருந்தது என்று அவர் குறித்து வைத்திருந்தார். "வயரிங் கோளாறு ஸ்டெரிலைசரைப் பார்த்தா வரும்?" என்று கேட்டார். சரியான கேள்வி.

ஆனால் இந்த அமுங்கல் ஆலை கட்டிய நாளிலிருந்து உண்டு. அப்போது டிரிப் இல்லையே. பழைய பதிவைப் புரட்டினால், வால்வு மூடும்போது மட்டம் 34 வரை இறங்கித் திரும்பியிருக்கிறது. டிரிப் 30இல். நான்கு சதவீத இடைவெளி எப்போதும் காப்பாற்றியிருக்கிறது. அந்த நான்கைத் தின்றது எது என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை சோதனை

ஆலை ஓடும்போது இதைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் ஆடுகிறதா சிக்னல் ஆடுகிறதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நெருப்பில்லாத பாய்லரைக் கேட்டு வாங்கினேன். டிரம் ஆறியிருந்தது, ஃபீட் பம்ப் நின்றிருந்தது, வால்வுகள் எல்லாம் மூடியிருந்தன. பாய்லர்மேன் அண்ணன் கிளாஸில் தண்ணீரின் விளிம்பை ஒட்டி ஒரு மாஸ்கிங் டேப் துண்டை ஒட்டினார். தண்ணீர் நகர்ந்தால் டேப் சொல்லிவிடும்.

ஐடி ஃபேன் நின்றிருக்க, பிஎல்சி திரையில் 12.00 மில்லி ஆம்பியர், அதாவது 50 சதவீதம். அசையவில்லை.

ஃபேனை 20 ஹெர்ட்ஸில் ஓடவிட்டோம். பத்து வினாடிக்குள் திரை 11.4க்கு வந்தது. பிறகு 10.9. பிறகு மெதுவாக 11.8. அங்கிருந்து மறுபடி 10.6. இப்படி 10.6க்கும் 11.8க்கும் நடுவே, ஊஞ்சல் ஆடுகிற மாதிரி, ஒவ்வொரு ஆட்டமும் நான்கைந்து வினாடி எடுத்துக்கொண்டு ஆடியது. சதவீதத்தில் 41இலிருந்து 49 வரை. சராசரி 45. மேலே பிளாட்ஃபார்மில் இருந்து அண்ணன் கத்தினார்: "டேப்பை விட்டு ஒரு முடிகூட நகரல, தம்பி!"

டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் மில்லி ஆம்பியர் மீட்டர் வைத்திருந்த உதவிப் பையன் சொன்னான்: "அண்ணே, இங்க 12.00 தான் நிக்குது." டிரான்ஸ்மிட்டர் குற்றமற்றது என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது. மாற்றிய இரண்டும் நல்ல மானிகள்தான். அதைத் தாண்டி, கேபிள் வழியில் ஏதோ நுழைந்து பிஎல்சி கார்டை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

இப்போது அண்ணனின் ஒரு விரலுக்கு வருவோம். சிக்னல் சராசரியாக 5 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. தண்ணீர் விடும் கண்ட்ரோல் வால்வுக்கு அது தெரியாது. திரையில் 50 வரும்வரை தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே டிரம்மில் உண்மையில் நிற்பது 55. அந்த மானியின் அளவெல்லை 400 மில்லிமீட்டர். அதில் 5 சதவீதம் 20 மில்லிமீட்டர், ஒரு கட்டைவிரல் அகலம். ஏழு மாதமாக அவர் கண்ணால் அளந்து சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

சார்ஜ்மேனின் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஸ்டெரிலைசர் வால்வு மூடும்போது நிஜமான அமுங்கல் அளவை 34க்கு இழுக்கிறது. சிக்னலின் ஊஞ்சல் அந்த நேரத்தில் மேலே இருந்தால் ஒன்றும் ஆகாது. கீழே இருந்தால் இன்னும் நான்கு இறங்கும், 30ஐத் தொடும். ஊஞ்சல் மெதுவாக ஆடுவதால் 3 வினாடி கணக்கும் பூர்த்தியாகும். இரண்டும் சேர்ந்த நேரத்தில் மட்டும் டிரிப். அதனால்தான் நாள் முழுக்க நன்றாக ஓடிவிட்டு, காரணமே இல்லாத மாதிரி இரவு இரண்டு மணிக்கு விழுந்தது.

ஊஞ்சல் ஏன் மெதுவாக ஆடுகிறது

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். இன்வெர்ட்டரின் மின் இரைச்சல் என்றால் திரையில் எண்கள் படபடவென்று துடிக்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே துடிக்கவில்லை. தண்ணீர் மாதிரியே நடந்துகொண்டது.

இன்வெர்ட்டர் தனக்கு வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. இந்த இன்வெர்ட்டர் வினாடிக்கு 4,000 முறை வெட்டும்படி வைக்கப்பட்டிருந்தது. பிஎல்சி கார்டு சிக்னலை இடைவிடாமல் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் எட்டிப் பார்த்து ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். வெட்டும் வேகமும் எட்டிப் பார்க்கும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று மடங்காக அமைந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் கார்டு அலையின் கொஞ்சம் நகர்ந்த இடத்தைப் பார்க்கும். அந்த நகர்வு மெதுவான அலையாகத் திரையில் தெரியும். மாட்டு வண்டியின் ஆரக்கால் படத்தில் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரியுமே, அதே விஷயம். ஒரே பக்கம் சாய்வதற்குக் காரணம் வேறு: அதிவேக இரைச்சல் கார்டின் உள்ளே இருக்கும் அரைக்கடத்திகளில் புகும்போது டையோடில் போன மாதிரி ஒருபக்கமாகத் திருத்தப்பட்டு, நிலையான ஒரு பொய் வோல்ட்டாகிவிடுகிறது.

பிஎல்சியில் ஃபில்டர் நேரத்தை ஏற்றினால் ஊஞ்சல் சின்னதாகும், சாய்வு அப்படியே இருக்கும். ஆகவே ஃபில்டர் இங்கே மருந்தாகாது. அதை ஏற்றிவிட்டுப் போயிருந்தால் டிரிப் நின்றிருக்கலாம். டிரம்மில் தண்ணீர் அளவுக்கு மேலேயே நின்று, ஈர நீராவி டர்பைனுக்குப் போகும் ஆபத்து தொடர்ந்திருக்கும்.

கதவைத் திறந்தபோது

ஃபேனை நிறுத்தி, மெயின் ஐசோலேட்டரில் பூட்டுப் போட்டு, இன்வெர்ட்டரின் மேல் எழுதியிருந்த காத்திருப்பு நேரம் முடிந்து, மீட்டர் வைத்து வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகுதான் வயர்கள் ஓடும் டிரங்க்கிங்கின் மூடிகளைக் கழற்றினோம். இந்த வரிசையைத் தாண்டாதீர்கள். மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கும்.

பேனல் இரண்டு மீட்டர் உயரம், இரட்டைக் கதவு. வலது மேல் மூலையில் பிஎல்சி. பழைய ஸ்டார்-டெல்டா காண்டாக்டர்களும் (மோட்டாருக்கு மின்சாரம் விட்டு நிறுத்தும் சுவிட்சுகள்) மேலேதான், பிஎல்சிக்கு அடுத்த வரிசையில். கீழே இடது மூலையில் புது இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் பழுதானால் ஃபேனை நேரடியாக ஓட்ட வேண்டும் என்று பழைய காண்டாக்டர்களை பைபாஸாக வைத்துக்கொண்டார்கள். அதுவும் தேவையான ஏற்பாடுதான்.

ஆனால் பாதையைப் பாருங்கள். இன்வெர்ட்டரின் வெளியீட்டு வயர்கள் கீழேயிருந்து கிளம்பி, வலது பக்கச் செங்குத்து டிரங்க்கிங்கில் 1.8 மீட்டர் ஏறி, மேலே காண்டாக்டருக்குப் போய், அதே டிரங்க்கிங்கில் 1.8 மீட்டர் இறங்கி, கீழே கேபிள் நுழையும் கிளேண்ட் வழியாக மோட்டாருக்குப் போகின்றன. கவசம் எதுவும் இல்லாத ஒற்றை வயர்கள். அவற்றோடு ஒட்டி, ஒரே டிரங்க்கிங்கில், ஒரே கேபிள் டையில் கட்டப்பட்டு, டிரம் லெவல் சிக்னல் கேபிள். மிச்சமான இரண்டு மீட்டர் சிக்னல் கேபிளை வெட்டாமல் நான்கு சுற்றாகச் சுருட்டி, அதே டிரங்க்கிங்கின் அடியில் திணித்திருந்தார்கள். பிற்காலத்துக்கு உதவும் என்ற நல்லெண்ணம்தான். அந்தச் சுருள் ஒரு ஆன்டெனாவாக உட்கார்ந்திருந்தது.

சிக்னல் கேபிளின் ஸ்கிரீனை, அதாவது இரைச்சலைத் தடுக்கும் உலோகப் பின்னலை, எப்படி முடித்திருந்தார்கள் என்பதை டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்னலை முறுக்கி, பச்சை-மஞ்சள் ஸ்லீவ் போட்டு, 15 சென்டிமீட்டர் வாலாக இழுத்து எர்த் டெர்மினலில் மாட்டியிருந்தது. அழகான வேலை, ஸ்லீவ்கூட நேராக வெட்டியிருந்தது. அதே எர்த் கட்டையில் அடுத்த ஸ்க்ரூவில் இன்வெர்ட்டரின் எர்த்.

நோட்டில் போட்ட கைக்கணக்கு இது. துல்லியம் வேண்டாம், அளவு புரிந்தால் போதும். இன்வெர்ட்டர் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் சுமார் 560 வோல்ட் ஒரு மைக்ரோ வினாடியின் பத்தில் ஒரு பங்கில் தாவுகிறது. ஒட்டிப் படுத்த இரண்டு வயர்களுக்கு நடுவே மீட்டருக்கு 50 பிகோ ஃபாரட் அளவில் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. ஏறி இறங்கிய 3.6 மீட்டருக்கு 180 பிகோ ஃபாரட். அந்தத் தாவலில் இதன் வழியே பாய்வது ஒரு ஆம்பியர். நடுவே ஒரு வயர்கூட இணைப்பில்லை, ஆனாலும் ஒரு ஆம்பியர். அது ஸ்கிரீனில் இறங்கி, அந்த 15 சென்டிமீட்டர் வால் வழியாக எர்த்துக்குப் போக வேண்டும். நேரான வயருக்கு மீட்டருக்கு ஒரு மைக்ரோ ஹென்றி என்று வைத்தால் வாலுக்கு 0.15 மைக்ரோ ஹென்றி. இவ்வளவு வேகத்தில் ஒரு ஆம்பியர் அதில் ஏறும்போது வாலின் நுனியில் நிற்பது 1.5 வோல்ட். அனலாக் கார்டு படிக்கும் சிக்னலோ, 250 ஓம் ரெசிஸ்டரில் 1 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் வரை. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் ஒரே உயரம்.

மல்டிமீட்டரில் அந்த வாலை அளந்தால் பூஜ்யம் ஓம் காட்டும். எர்த் பக்காவாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவோம்.

"சட்டப்படி சரிதான்"

பேனலை மாற்றி அமைத்தவரிடம் போனில் பேசினேன். கோபமாகப் பேசவில்லை, தொழில் தெரிந்தவர். "எல்லா வயரும் 600 வோல்ட் இன்சுலேஷன். ஒரே டிரங்க்கிங்கில் போடலாம்னு ஐஈசி 60204லேயே இருக்கு அண்ணே" என்றார். உண்மைதான். வெவ்வேறு சர்க்யூட்டின் வயர்களை, எல்லாவற்றுக்கும் இருப்பதில் உயர்ந்த வோல்ட்டுக்கு ஏற்ற இன்சுலேஷன் இருந்தால், ஒரே டிரங்க்கிங்கில் விட அந்தத் தரநிலை இடம் கொடுக்கிறது. அந்த விதி ஆளுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க எழுதியது. சிக்னல் கெடாமல் இருக்க எழுதிய அறிவுரை இன்வெர்ட்டரோடு பெட்டிக்குள் வரும் கையேட்டில், கேபிள் என்ற பகுதியில் இருக்கிறது. மோட்டார் கேபிளையும் சிக்னல் கேபிளையும் பேனலுக்குள் 200 மில்லிமீட்டராவது தள்ளி வை, வெளியே நீளமாகச் சேர்ந்து ஓடினால் 500 மில்லிமீட்டர், குறுக்கே வெட்டினால் செங்கோணத்தில் வெட்டு என்று பல தயாரிப்பாளர்கள் படம் போட்டே சொல்கிறார்கள். இரண்டு தாளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்தேன். மின் வரைபடத்தில் எந்தத் தவறும் இல்லை. ஒவ்வொரு வயரும் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டுமோ அங்கேதான் முடிந்தது. நடுவில் எந்த வழியாகப் போகிறது என்று அந்தத் தாளில் ஒரு கோடும் இல்லை. அந்த வழி சர்க்யூட்டின் ஒரு பாகம். 180 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டராக அது அங்கே உட்கார்ந்திருந்தது, யாரும் வரையாமலேயே.

முதலில் விளக்குமாற்றுக் கட்டை

எதையும் பிரிப்பதற்கு முன்னால் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் நானும் மூன்றாவது டிரான்ஸ்மிட்டர் மாற்றியவன் மாதிரிதான். சிக்னல் கேபிளை மட்டும் டிரங்க்கிங்கிலிருந்து உருவி, சுருளைப் பிரித்து, கதவுக்கு வெளியே ஒரு விளக்குமாற்றுக் கட்டையில் தொங்கவிட்டு, மேலே வளைத்துக் கார்டுக்குக் கொண்டுபோனோம். யாரும் நெருங்காதபடி தடுப்பு வைத்து ஃபேனை ஓடவிட்டோம்.

11.92க்கும் 12.00க்கும் நடுவே. ஊஞ்சல் ஏறக்குறைய போய்விட்டது.

பேனலுக்கு வெளியே சிக்னலும் மோட்டார் கேபிளும் 40 மீட்டர் ஒரே டிரேயில்தான் ஓடுகின்றன. அந்த 40 மீட்டரைவிட உள்ளே இருந்த 1.8 மீட்டர்தான் பெரிய குற்றவாளி என்பது சார்ஜ்மேனுக்கு நம்ப முடியவில்லை. வெளியே மோட்டார் கேபிளுக்கு இரும்புக் கம்பிக் கவசம் இருக்கிறது; அது ஓரளவு ஸ்கிரீனாக வேலை செய்கிறது. கிளேண்டில் கவசத்தை உரித்துவிட்டு உள்ளே விட்ட பிறகு வயர்கள் வெறும் உடம்போடு நிற்கின்றன. உரித்த இடத்திலிருந்துதான் கவனம் தொடங்க வேண்டும்.

செய்த வேலை

மூன்று பேர், இரண்டு ஞாயிறு. புதுப் பேனல் வாங்கவில்லை.

பைபாஸ் காண்டாக்டர்களை மேலேயிருந்து கழற்றி, கீழே இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். இன்வெர்ட்டர், காண்டாக்டர், கிளேண்ட் மூன்றும் ஒரு முழத்துக்குள் அடங்கின. மெயின் மின்சாரம் இன்வெர்ட்டரின் வெளியீட்டுப் பக்கம் திரும்பி ஏறிவிடாதபடி இருந்த மெக்கானிக்கல் இன்டர்லாக்கையும் கூடவே இடம் மாற்றி, இரண்டு முறை சோதித்தோம். இந்த ஒரு வேலையில் 3.6 மீட்டர் ஓட்டம் இல்லாமல் போனது. சிக்னல் கேபிள் இன்னும் பழைய இடத்தில் இருக்கும்போதே அளந்தோம்: 11.85இலிருந்து 12.00.

பிறகு பேனலை நடுவில் கோடு போட்டுப் பிரித்தோம். இடது பாதி பவர். வலது ஓரம் சிக்னல். நடுவே 24 வோல்ட் ரிலே, சோலனாய்டு வயர்கள். தோட்டத்தில் குலை லாரி போகும் பாதையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு நடக்க விடமாட்டோம் இல்லையா, அந்தப் பிரிவுதான். கேபிள் உள்ளே நுழையும் இடத்திலேயே பிரித்தால்தான் இது நிற்கும். கிளேண்ட் பிளேட்டில் பவர் கேபிள் இடது பக்கத் துளை, சிக்னல் வலது பக்கத் துளை. ஓர் இடத்தில் மட்டும் குறுக்கே போக வேண்டியிருந்தது. அங்கே செங்கோணத்தில், ஒரு கையகலத் தூரம் விட்டுக் கடக்க வைத்தோம்.

பேனலின் பின்தகடு பெயின்ட் அடித்தது. இன்வெர்ட்டரின் நான்கு காலும் பெயின்டின் மேல் நின்றன, ஸ்க்ரூவின் மறை வழியாக மட்டும்தான் இரும்பைத் தொட்டன. இன்வெர்ட்டர் கால் உட்காரும் இடத்திலும் கிளேண்ட் உட்காரும் இடத்திலும் பெயின்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு துருப் பிடிக்காமல் கடத்தும் பசை தடவி இறுக்கினோம். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த மெல்லிய எர்த் வயரை எடுத்துவிட்டு, தட்டையான பின்னல் பட்டை போட்டோம். அதிவேக மின்னோட்டத்துக்கு வயரின் தடிமனைவிட அகலமும் குட்டையான நீளமும்தான் முக்கியம்; நீளம் அகலத்தின் ஐந்து மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம்.

அந்த 15 சென்டிமீட்டர் வாலை வெட்டினேன். கேபிளின் மேல்தோலை இரண்டு விரல் அகலம் உரித்து, பின்னலை முறுக்காமல் அப்படியே, சுற்றளவு முழுக்கப் பிடிக்கும் உலோகக் கிளாம்பில் மாட்டி, கிளாம்பை வெறும் தகட்டில் இறுக்கினோம். உதவிப் பையன் கேட்டான்: "அண்ணே, வால் இருந்தப்பவும் அதே எர்த்துதானே?" அவனை நோட்டை எடுக்கச் சொல்லி அந்த 1.5 வோல்ட் கணக்கை அவன் கையாலேயே போட வைத்தேன்.

பயன்படாத சிக்னல் கோர்களை எர்த் செய்தோம். காண்டாக்டர் காயில்களில் சப்ரஸர் இல்லை. காயில் விடும்போது ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும் உதை அந்த வயரில் ஏறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் மாட்டினோம். நிறத்தையும் சொல்லிவிடுகிறேன்: நம் நாட்டுப் பழைய போர்டுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். ஐஈசி வழியில் கட்டிய பேனலில் நீலம் என்றால் 24 வோல்ட் நேர்மின்சாரம். இந்தப் பேனலில் இரண்டு நீலமும் இருந்தன. பேஸ் வயரின் இரு முனையிலும் அடையாளக் குழாய் போட்டோம், அடுத்து திறப்பவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால்.

எல்லாம் முடிந்து ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டபோது திரையில் 11.98, 12.01, 12.00. டேப் ஒட்டிய இடத்திலேயே தண்ணீர்.

ஸ்கிரீன் ஒரு முனையா, இரு முனையா

இதில் சார்ஜ்மேனுக்கும் எனக்கும் நல்ல வாக்குவாதம். அவர் படித்த காலத்தில் சிக்னல் ஸ்கிரீனை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு முனையும் எர்த் ஆனால், பேனலுக்கும் பாய்லர் பிளாட்ஃபார்முக்கும் எர்த் வோல்ட் வித்தியாசம் இருக்கும்போது ஸ்கிரீனில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றும். அது உண்மை. இன்வெர்ட்டர் கையேடுகள் மோட்டார் கேபிளுக்கு இரு முனையும் என்கின்றன. அதுவும் உண்மை, அதிவேக இரைச்சலுக்கு ஒரு முனை எர்த் போதாது, நீளமான கேபிளின் மறுமுனை ஆன்டெனா மாதிரி திறந்து நிற்கும்.

எங்கள் பக்கம் இன்னொரு விஷயமும் சேர்கிறது: இடி. மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் தோட்டத்துக்கு நடுவே உயரமாக நிற்பது ஆலையின் புகைபோக்கிதான். அங்கே இறங்கும் மின்னலின் ஒரு பங்கு மெல்லிய ஸ்கிரீன் வழியாகப் பிஎல்சிக்கு நடந்து வருவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

இருவரும் ஒத்துக்கொண்ட வழி: சிக்னல் கேபிளைக் கால்வனைஸ் இரும்புக் குழாய்க்குள் விட்டு, குழாயை இரு முனையிலும் நன்றாக எர்த் செய்வது, உள்ளே இருக்கும் ஸ்கிரீனைப் பேனல் முனையில் மட்டும் கிளாம்பில் பிடிப்பது. பெரிய மின்னோட்டங்கள் குழாயில் போகும், ஸ்கிரீன் தன் வேலையைச் செய்யும். குழாய் வேலை அந்த இரண்டு ஞாயிற்றில் முடியவில்லை. வருடாந்தர நிறுத்தத்தில், வெளியே டிரேயைப் பிரிக்கும்போது சேர்த்துச் செய்தார்கள். மோட்டார் கேபிள் பழைய டிரேயிலேயே இருக்க, சிக்னல் குழாய் அரை மீட்டருக்கு மேல் தள்ளி எதிர்ச்சுவரில் போகிறது.

பைபாஸில் ஒருமுறை, இன்வெர்ட்டரில் ஒருமுறை என்று அடுத்த பருவம் முழுக்க ஓடியது. தண்ணீர் குறைவு என்று பிஎல்சி ஒருமுறை டிரிப் செய்தது; அன்றைக்கு ஃபீட் பம்பின் ஸ்ட்ரெய்னர் அடைத்து உண்மையிலேயே தண்ணீர் குறைந்திருந்தது. 3 வினாடியில் நிறுத்தியது.

வரைபடத்தோடு இன்னொரு தாளைச் சேர்த்துப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்: டிரங்க்கிங்கின் படம், எந்த வழியில் எந்தக் கேபிள் போகிறது, எந்த வழியில் போகக் கூடாது என்று. காத்திருப்பில் இருக்கும் இரண்டாவது பாய்லருக்கும் இன்வெர்ட்டர் வாங்கப் போவதாகச் சென்ற மாதம் மேனேஜர் சொன்னார். பேனல் வரைபடம் வருவதற்கு முன்பே இடம் பார்க்க வரச் சொன்னார். அண்ணனும் கூட நின்றார். கேஜ் கிளாஸில் அந்த மாஸ்கிங் டேப் இன்னும் இருக்கிறது, அவர் எடுக்க விடவில்லை.